மலிந்தியின் மாலுமி
வாஸ்கோ ட காமாவுக்கு வழிகாட்டியவர் இப்னு மாஜிதா?

எங்கள் பாடசாலையில் மீலாத் விழாவையொட்டி வருடாவருடம் பேச்சுப் போட்டி நடக்கும். ஒன்பது வருடங்களுக்கு முன்பு ஒரு மாணவனுக்கு 'கடலை வென்றவர்கள்' என்ற தலைப்பில் நான் ஒரு பேச்சு எழுதிக் கொடுத்தேன். அதன் உச்சம் இதுதான்: இந்தியாவுக்கு வழி தெரியாமல் ஆபிரிக்கக் கரையில் தவித்து நின்ற வாஸ்கோ ட காமாவைக் கள்ளிக்கோட்டை வரை கூட்டிவந்தவர் நம்மவரான அஹ்மத் இப்னு மாஜித். அந்த இடம் வந்ததும் மாணவன் குரலை உயர்த்தினான். மண்டபம் கைதட்டியது. முதலிடமும் கிடைத்தது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சு போட்டோக் கொப்பியாகி, கைமாறிக் கைமாறி, அயல் பாடசாலைகள் வரை போய்விட்டது.

போன வருடம் அதே பேச்சை மனனம் செய்துகொண்டிருந்த தரம் பத்து மாணவன் ஒருவன் இடையில் நிறுத்திவிட்டுக் கேட்டான்:

"டீச்சர், இவர் வழி காட்டின படியாத்தானே பறங்கியர் வந்தாங்க? வந்த படியாத்தானே எங்கட ஆக்கள அடிச்சுத் துரத்தினாங்க? அப்ப இவரப் பத்தி நாம பெருமப்படுறதா, வெக்கப்படுறதா?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. "நாளைக்குச் சொல்றன் மகன்" என்று சமாளித்தேன். அந்த நாளை வருவதற்கு ஒரு வருடத்துக்குக் கிட்ட ஆகிவிட்டது. நான் வரலாறு படித்தவள் இல்லை, தமிழ் படித்தவள். ஆனாலும் என் கையெழுத்தில் போன ஒரு செய்தி சரியா பிழையா என்று தேட வேண்டியது என் கடமை என்று பட்டது. தேடிக் கண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அத்திலாந்திக்கைச் சுற்றி வந்தவர்

முதலில் காமாவுக்குரியதைக் காமாவுக்குக் கொடுத்துவிட வேண்டும். போர்த்துக்கலின் தென்மேற்குக் கரையிலுள்ள சினேஸ் என்ற சிறு துறைமுக ஊரில் 1460களில் பிறந்தவர் என்று கொள்ளப்படுகிறது. தகப்பன் எஸ்தெவாவ் ட காமா, அரச சேவையில் இருந்த சிறு பிரபு. காமாவுக்கு முன்பே, 1488ல், பர்த்தலோமியு டயஸ் என்ற போர்த்துக்கேயர் ஆபிரிக்காவின் தென்முனையைச் சுற்றிவிட்டுத் திரும்பியிருந்தார். அதற்கு அப்பால் போய் இந்தியாவை அடையும் பொறுப்பை மன்னர் முதலாம் மனுவேல் காமாவிடம் கொடுத்தார்.

1497 ஜூலை 8ஆம் திகதி லிஸ்பனிலிருந்து நான்கு கப்பல்கள் புறப்பட்டன. சாவ் கப்ரியேல், சாவ் ரஃபாயேல், பெரியோ என்ற மூன்றோடு சாமான் ஏற்றிய ஒன்று. மொத்தம் ஏறத்தாழ 170 பேர். சாவ் ரஃபாயேலுக்குத் தலைவர் காமாவின் சகோதரர் பவுலோ.

இவர்கள் ஆபிரிக்கக் கரையைத் தடவிக்கொண்டு தெற்கே போகவில்லை. கரையோரம் எதிர்க்காற்றும் எதிர்நீரோட்டமும் இழுத்தடிக்கும் என்பதால், அத்திலாந்திக்கின் நடுவுக்குள் பெரிய வளைவாகச் சுற்றி, மேல்காற்றைப் பிடித்துத் தென்முனைக்கு வந்தார்கள். அதில் 90 நாட்களுக்கு மேல் கரையே கண்ணில் படவில்லை. 1492ல் கொலம்பஸ் கனேரித் தீவுகளிலிருந்து மறுகரை காண எடுத்தது ஐந்து கிழமைகள்தான். நவம்பர் 22ஆம் திகதி காமாவின் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றின. இது போர்த்துக்கேயர் தாங்களாகவே கற்றுத் தேர்ந்த கடல் வித்தை. யாரும் கைபிடித்துக் கூட்டிவரவில்லை. 'வழி தெரியாமல் தவித்த காமா' என்று நான் எழுதிய வசனம் இந்த இடத்திலேயே பாதி பிழைத்துப்போகிறது.

தெரிந்த கடலுக்குள் ஒரு புதியவர்

சாமான் கப்பலை வழியில் உடைத்துவிட்டு, மூன்று கப்பல்களோடு ஆபிரிக்காவின் கிழக்குக் கரையில் வடக்கே ஏறினார்கள். 1498 ஜனவரியில் இன்றைய மொசாம்பிக் நாட்டின் குவெலிமானே ஆற்று முகத்தில் தங்கியபோது பலருக்குக் கை கால் வீங்கி, முரசு புடைத்துப் பல்லை மூடியது. பச்சைக் காய்கறியும் பழமும் இல்லாத நெடும் பயணத்தில் வரும் ஸ்கேர்வி நோய் அது.

மார்ச் 2ஆம் திகதி மொசாம்பிக் தீவு. அங்கே அறபு பேசும் வணிகர்கள் இருந்தார்கள். துறையில் நின்ற மரக்கலங்களில் பொன், வெள்ளி, கராம்பு, மிளகு, இஞ்சி, முத்து எல்லாம் இருந்தன. முன்பு வட ஆபிரிக்காவில் முஸ்லிம்களிடம் சிறைப்பட்டு அறபு கற்ற ஒருவர் காமாவின் கப்பலில் மொழிபெயர்த்தார். காமாவோடு பயணம் செய்த, பெயர் போடாத ஒருவர் எழுதிய நாட்குறிப்பு இன்றும் இருக்கிறது. இந்தப் பயணத்துக்கு நேர்ச் சாட்சி அதுதான். அங்குள்ள கலங்கள் ஆணி அடிக்காமல் கயிற்றால் தைக்கப்பட்டவை என்றும், அவற்றின் மாலுமிகளிடம் திசைகாட்டி, உயரம் அளக்கும் கருவி, கடல் வரைபடம் மூன்றும் இருந்தன என்றும் அவர் எழுதிவைத்திருக்கிறார். தாங்கள் வந்து சேர்ந்திருப்பது அறியாக் கடல் அல்ல, பலரும் அன்றாடம் போய்வரும் கடல் என்பது அந்த நாட்குறிப்பாளருக்கே விளங்கியிருக்கிறது.

ஆரம்பத்தில் உள்ளூரார் இவர்களையும் முஸ்லிம்கள் என்றே எண்ணினார்கள். உண்மை தெரிந்ததும் உறவு கசந்தது. காமா பீரங்கியால் சுட்டுவிட்டுப் புறப்பட்டார். ஏப்ரல் 7ஆம் திகதி மொம்பாசா. தங்களைப் பிடிக்கச் சதி நடக்கிறதா என்று அறிய, கையில் அகப்பட்ட இருவரின் உடம்பில் கொதிக்கும் எண்ணெயைச் சொட்டவிட்டு விசாரித்தார்கள். இதையும் அந்த நாட்குறிப்பே சொல்கிறது, மறைக்கவில்லை.

ஏப்ரல் 14ஆம் திகதி மலிந்தி. மொம்பாசாவுக்கும் மலிந்திக்கும் நெடுநாள் போட்டி. மொம்பாசாவோடு பகைத்துக்கொண்டு வந்தவரை மலிந்தி அரசர் வரவேற்றதில் வியப்பில்லை. இந்தியாவிலிருந்து வந்த நான்கு கப்பல்கள் அப்போது அந்தத் துறையில் நின்றன. வாணவேடிக்கை, விருந்து, பரிசுப் பரிமாற்றம் என்று ஒன்பது நாட்கள் கழிந்தன. வாக்களித்த மாலுமி மட்டும் வரவில்லை. ஏப்ரல் 22ஆம் திகதி அரசரின் நம்பிக்கைக்குரிய ஒருவர் கப்பலுக்கு வந்தபோது, காமா அவரைப் பிடித்து வைத்துக்கொண்டு, மாலுமியை அனுப்பினால்தான் விடுவேன் என்று சொல்லி அனுப்பினார். உடனே ஒரு மாலுமி வந்து சேர்ந்தார். பணயக்காரர் விடுவிக்கப்பட்டார்.

என் பேச்சில் 'நட்புக்கரம் நீட்டி வழிகாட்டினார்' என்று எழுதியிருந்தேன். நட்புக்கரம் நீண்டது இப்படித்தான்.

24ஆம் திகதி பாய் விரித்தார்கள். கரை தெரியாத 23 நாட்கள். மே 18ல் மலையாளக் கரையின் மலைகள் தெரிந்தன. 20ஆம் திகதி கள்ளிக்கோட்டைக்கு வடக்கே நங்கூரம் போட்டார்கள்.

பெயரில்லாத பெயர்

அந்த மாலுமி யார்? நேர்ச் சாட்சியான நாட்குறிப்பு அவருக்குப் பெயர் சொல்லவில்லை. 'கிறிஸ்தவ மாலுமி' என்று மட்டும் சொல்கிறது. இதை நம்பிவிட முடியாது. அந்தப் பயணத்தில் போர்த்துக்கேயர், முஸ்லிம் அல்லாத இந்தியர் எல்லோரையும் கிறிஸ்தவர் என்றே எண்ணினார்கள். கள்ளிக்கோட்டையில் ஒரு கோயிலைத் தேவாலயம் என்று நினைத்து வணங்கியும் இருக்கிறார்கள்.

அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1550களை ஒட்டி வந்த போர்த்துக்கேய வரலாற்று நூல்களில்தான் பெயர் போன்ற ஒன்று வருகிறது. காஸ்தன்யேதா 'கனக்கா' என்று எழுதுகிறார். பாரோஸ் 'மாலெமோ கனா' என்கிறார். இருவரும் அவர் குஜராத்தைச் சேர்ந்தவர் என்கிறார்கள். பாரோஸ் அவரை முஸ்லிம் என்றும் குறிக்கிறார்.

தமிழ் படித்தவள் என்பதால் இந்த இடத்தில் நின்றுவிட்டேன். 'மாலெமோ' என்பது அறபியின் 'முஅல்லிம்'. கற்பிப்பவர் என்பது அதன் நேர்ப் பொருள். இந்து சமுத்திரத்துக் கப்பல்களில் வழி அறிந்து செலுத்துபவரையும் முஅல்லிம் என்றே அழைத்தார்கள். நாம் அன்றாடம் சொல்கிற 'மாலுமி' என்ற தமிழ்ச் சொல்லும் அந்த முஅல்லிமிலிருந்து வந்ததுதான். மரைக்காயர்களின் கலங்கள் வழியாக வந்த சொல்லாக இருக்கலாம் என்பது என் ஊகம். 'கனக்கா' என்பதை வடமொழியின் 'கணக' என்ற சொல்லோடு ஆய்வாளர்கள் பொருத்துகிறார்கள். வானைப் பார்த்துக் கணிப்பவர் என்று பொருள். கணக்கு, கணிதம், கணக்கன் எல்லாம் அந்தச் சொல்லின் சுற்றம்.

ஆக, 'மாலெமோ கனா' என்பது பெயரே இல்லை. 'மாலுமி, கணிப்பாளர்' என்று இரண்டு தொழிற்பெயர்கள். கப்பலில் இருந்தவர்கள் அவரை எப்படி அழைத்தார்களோ அதுவே எழுத்தில் ஏறியிருக்கிறது. வாப்பாவும் உம்மாவும் வைத்த பெயரை யாரும் கேட்கவில்லை, அல்லது கேட்டு எழுதவில்லை.

பாரோஸ் சொல்லும் இன்னொரு செய்தியும் கவனிக்க வேண்டியது. காமா தன் வானளவைக் கருவியை அந்த மாலுமியிடம் பெருமையாகக் காட்டியபோது அவர் ஆச்சரியப்படவில்லையாம். செங்கடல் மாலுமிகளிடம் இப்படிப்பட்ட உலோகக் கருவிகள் உண்டு, தாங்கள் பலகைக் கருவியால் அளக்கிறோம் என்று சொல்லித் தன்னுடையதை எடுத்துக் காட்டினாராம். அது 'கமால்' என்று அழைக்கப்படும் கருவி வகையைச் சேர்ந்தது. சிறு மரப்பலகை ஒன்று, நடுவில் முடிச்சுகள் போட்ட நூல் ஒன்று. நூலைப் பல்லில் கடித்து இழுத்துப் பிடித்து, பலகையின் கீழ் விளிம்பைக் கடலும் வானும் சேரும் கோட்டில் வைத்து, மேல் விளிம்பு துருவ நட்சத்திரத்தைத் தொடும்படி பார்க்க வேண்டும். நட்சத்திரத்தின் உயரத்தை 'இஸ்பஉ', அதாவது விரல், என்ற அளவால் சொல்வார்கள். போக வேண்டிய துறையில் நட்சத்திரம் எத்தனை விரல் உயரத்தில் நிற்கும் என்று தெரிந்திருந்தால், அந்த உயரம் வரும் வரை ஓடி, பிறகு உயரம் மாறாமல் கிழக்கே போனால் துறை வந்துவிடும்.

ஆழ்கடலுக்குப் போய்வந்த என் வாப்பாவும் கையை நீட்டி விரலால் வெள்ளி பார்ப்பார். சின்ன வயதில் அதை நான் விளையாட்டு என்று எண்ணியிருந்தேன்.

இப்னு மாஜித் எப்படி உள்ளே வந்தார்?

அஹ்மத் இப்னு மாஜித் கற்பனை மனிதர் அல்ல. இன்று றாஸ் அல் கைமா என்று அழைக்கப்படும் இடத்தை அடுத்த ஜுல்ஃபார் துறையைச் சேர்ந்தவர். வாப்பாவும் மூத்தவாப்பாவும் செங்கடலில் பேர்போன மாலுமிகள். அந்தப் பரம்பரையில் வந்த இவர், கடலோட்டத்தைப் பாட்டாகவும் உரைநடையாகவும் எழுதிவைத்தார். 1462ல் 'ஹாவியா' என்ற நெடும் பாடலையும், 1490ஐ ஒட்டி 'கிதாபுல் ஃபவாயித்' என்ற பெரிய நூலையும் முடித்தார். நட்சத்திரங்களின் உதயம், திசைகாட்டியின் 32 திசைகள், துறைகளின் நட்சத்திர உயரங்கள், எந்தக் காற்றில் எந்தத் துறையிலிருந்து புறப்பட வேண்டும் என்பதெல்லாம் அவற்றில் இருக்கின்றன. கிப்லாவின் திசை அறிவது பற்றியும் பாடல் எழுதினார். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்கூட ஏடனிலிருந்து புறப்பட்ட ஓடக்காரர்கள் ஷெய்கு மாஜித் என்ற பேரில் ஃபாத்திஹா ஓதியதை ஆங்கிலப் பயணி ரிச்சர்ட் பர்ட்டன் பதிவு செய்திருக்கிறார்.

இவரைக் காமாவோடு சேர்த்தது குத்புத்தீன் அந்நஹ்ரவாலி என்ற மக்காவைச் சேர்ந்த வரலாற்றாசிரியர். உஸ்மானியர் யெமனைக் கைப்பற்றிய வரலாற்றை எழுதும்போது, பறங்கியர் இந்துக் கடலுக்குள் எப்படி வந்தார்கள் என்று சொல்லுமிடத்தில் இப்னு மாஜிதின் பெயரைப் போடுகிறார். எழுதிய காலம் காமா வந்து எழுபது வருடங்களுக்கும் பிறகு. அதற்கு முந்திய எந்த நூலிலும், அறபியிலோ போர்த்துக்கேய மொழியிலோ, இந்தச் செய்தி கிடைக்கவில்லை.

1920களில் பிரெஞ்சு அறிஞர் கப்ரியேல் ஃபெரான், பாரிஸ் நூலகச் சுவடிகளிலிருந்து இப்னு மாஜிதின் நூல்களை வெளியிட்டார். பெரும் பணி அது. அந்த உற்சாகத்தில் நஹ்ரவாலியின் செய்தியையும் பாரோஸின் 'மாலெமோ கனா'வையும் ஒன்றாக முடிந்துவிட்டார். அங்கிருந்து கலைக்களஞ்சியங்களுக்கும், அங்கிருந்து பாடநூல்களுக்கும், அங்கிருந்து என் பேச்சுக்கும் அது வந்தது.

பெருமையோடு இதைத் திருப்பிச் சொல்லும் நம்மில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. எனக்கும் தெரியாது. நஹ்ரவாலி அந்த இடத்தில் என்ன எழுதியிருக்கிறார் தெரியுமா? பறங்கித் தலைவன் இப்னு மாஜிதோடு பழகி, அவருக்கு மது ஊற்றி, வெறிமயக்கத்தில் வழியைச் சொல்லவைத்தான் என்று. அதாவது இந்தக் கதை பிறந்தது புகழ்ச்சியாக அல்ல, பழியாக. யாரோ ஒரு குடிகாரன் காட்டிக் கொடுத்ததால்தான் இவ்வளவு அழிவும் வந்தது என்று மனதை ஆற்றிக்கொள்ளும் கதை. மீலாத் மேடையில் ஒரு பிள்ளையைக் கொண்டு நான் சொல்ல வைத்தது இதன் பாதியை. மற்றப் பாதி தெரிந்திருந்தால் பேனையை எடுத்திருக்கவே மாட்டேன்.

பின்னால் வந்த ஆய்வாளர்கள் இதை ஏற்கவில்லை. இப்னு மாஜிதின் 'ஃபவாயித்'தை ஆங்கிலத்தில் பெயர்த்து 1971ல் வெளியிட்ட ஜி. ஆர். திபெட்ஸ் முக்கியமானவர். காரணங்கள் எளியவை. போர்த்துக்கேய நூல்கள் சொல்லும் மாலுமி குஜராத்தி, இப்னு மாஜித் அறபுக் கரையைச் சேர்ந்தவர். 1498ல் அவர் வயது முதிர்ந்தவர். அவர் பெயரில் வழங்கும் ஸுஃபாலாக் கடல்வழிப் பாடலில் பறங்கியரின் வருகை பேசப்படுகிறது. அந்த அடிகள் அவருடையவைதாமா என்பதிலேயே சர்ச்சை உண்டு. அப்படியே அவருடையவை என்று வைத்துக்கொண்டாலும், தானே வழிகாட்டியதாக அங்கும் அவர் சொல்லவில்லை. தன் திறமையைச் சொல்லக் கூசாத மனிதர் அவர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

காட்டிக் கொடுக்க ஒரு ரகசியம் இருந்ததா?

இப்போது மாணவனின் கேள்விக்கு வருகிறேன். இப்னு மாஜித் இல்லை என்றாலும், யாரோ ஒருவர் காட்டிக் கொடுத்தார்தானே?

காட்டிக் கொடுப்பதற்கு முதலில் ஒரு ரகசியம் இருக்க வேண்டும். ஆபிரிக்கக் கரைக்கும் மலையாளக் கரைக்கும் இடையிலான வழி ரகசியமாக இருக்கவில்லை. பருவக்காற்றைப் பிடித்து இந்தியாவுக்கு ஓடுவதைக் கி.பி. முதலாம் நூற்றாண்டுக் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பே சொல்கிறது. இப்னு பதூதா 14ஆம் நூற்றாண்டில் இந்தத் துறைகளையெல்லாம் பார்த்துவிட்டுப் போனார். 1487ல் போர்த்துக்கேய அரசர் தரைவழியாக அனுப்பிய பேரோ ட கொவில்யாவ் என்ற அறபு தெரிந்த உளவாளி, ஏடனிலிருந்து வணிகக் கப்பலேறிக் கள்ளிக்கோட்டையைப் பார்த்து, ஆபிரிக்காவின் ஸுஃபாலா வரைக்கும் போயிருக்கிறார். கள்ளிக்கோட்டையில் காமா முதலில் கரைக்கு அனுப்பிய ஆளை எதிர்கொண்டவர்கள் தூனிஸ் நாட்டு முஸ்லிம்கள் இருவர். ஸ்பானிய மொழியில் பேசி, இங்கே உங்களுக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். அப்படிப்பட்ட கடல் அது. மலிந்தியில் நின்ற எந்தக் குஜராத்தி மாலுமியைக் கேட்டிருந்தாலும் அந்த வழி தெரிந்திருக்கும்.

ஆனால் வழி தெரிவது வேறு, காற்றின் காலம் தெரிவது வேறு. காமாவின் திரும்பும் பயணம் இதைத் தெளிவாகக் காட்டுகிறது. எங்கள் கரையில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கச்சான் பெயர்கிற காலம், வாடை பிடிக்கிற காலம் என்று பார்த்துத்தான் தோணி தள்ளுவார்கள். அறபுக் கடலிலும் அதே கணக்குத்தான். ஏப்ரல் முடிவில் மலிந்தியிலிருந்து புறப்பட்டால் தென்மேல் காற்று தள்ளிக்கொண்டு வரும். அது முற்றி மூர்க்கமாவதற்குள் மலையாளக் கரையைப் பிடித்துவிடலாம். திரும்பிப் போக வாடைக்காற்று நிலைபெறும் மார்கழி வரை பொறுத்திருக்க வேண்டும்.

காமா பொறுக்கவில்லை. சாமூதிரி அரசரோடு மனக்கசப்பாகி, ஆகஸ்ட் 29ஆம் திகதி கள்ளிக்கோட்டையை விட்டார். ஒக்டோபர் 5ஆம் திகதி இந்தியக் கரையிலிருந்து நடுக்கடலுக்குத் திரும்பினார். காற்றுச் செத்துக் கிடந்தது, அல்லது எதிரே அடித்தது. வரும்போது 23 நாள் எடுத்த கடல், போகும்போது மூன்று மாதத்துக்கு மூன்று நாள் குறைவாக எடுத்தது. ஸ்கேர்வி மறுபடி பிடித்து 30 பேர் கடலிலேயே மாண்டார்கள். ஒவ்வொரு கப்பலிலும் வேலை செய்யத் தெம்புள்ளவர்கள் ஏழெட்டுப் பேர்தான் மிஞ்சினார்கள். 1499 ஜனவரி 7ஆம் திகதி மலிந்திக்கு வந்து தோடம்பழம் கேட்டு வாங்கித் தின்றார்கள். ஆளில்லாத காரணத்தால் சாவ் ரஃபாயேலை வழியில் எரித்துவிட்டார்கள். பவுலோ ட காமா நாடு போய்ச் சேராமல் அசோரஸ் தீவில் இறந்தார். புறப்பட்ட 170 பேரில் திரும்பியவர்கள் ஏறத்தாழ 55 பேர் என்று கணக்கிடுகிறார்கள்.

மலிந்தி மாலுமியின் அறிவு எவ்வளவு பெறுமதியானது என்பதற்கு 23க்கும் ஏறத்தாழ 90க்கும் உள்ள வித்தியாசமே போதும். அதற்கு அவருக்கு ஒரு பெரிய பெயர் தேவையில்லை.

தீங்கு எங்கிருந்து வந்தது?

கள்ளிக்கோட்டையில் காமா சாமூதிரிக்குக் கொண்டுபோன அன்பளிப்பு: பன்னிரண்டு துண்டுத் துணி, நான்கு சிவப்புத் தலையணி, ஆறு தொப்பி, பவளம் நான்கு சரம், ஆறு கைகழுவும் கிண்ணம், ஒரு பெட்டி சீனி, எண்ணெயும் தேனும் இவ்விரண்டு பீப்பா. அதிகாரிகள் சிரித்தார்கள். மக்காவிலிருந்து வரும் கடைசி ஏழை வியாபாரிகூட இதைவிடக் கூடக் கொண்டுவருவான் என்றார்கள். அந்தத் துறையில் மிஸ்ர், ஹுர்முஸ், குஜராத், மலாக்கா என்று எல்லா நாட்டு வணிகர்களும் வரி கட்டி, அடுத்தவனை விரட்டாமல் வியாபாரம் செய்தார்கள். விற்கப் பொருளில்லாதவர் அங்கே பின்வரிசையில்தான் நிற்க வேண்டும்.

1502ல் காமா இரண்டாம் முறை வந்தார். இம்முறை மொத்தம் 20 கப்பல்கள், அன்பளிப்புக்குப் பதில் பீரங்கி. மலையாளக் கரைக்கு அப்பால் 'மீரி' என்ற கப்பலை மறித்தார். மக்காவுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்த ஹாஜிகளும் கள்ளிக்கோட்டை வணிகர்களும் அதில் இருந்தார்கள். அந்தக் கடற்படையிலேயே வந்த தோமே லோப்பெஸ் என்பவர் கண்ணால் கண்டதை எழுதியிருக்கிறார். ஆண்கள் 240 பேருக்கு மேல், அவர்களோடு பெண்களும் பிள்ளைகளும். பொருளையெல்லாம் தருகிறோம் என்றார்கள். தாய்மார் நகைகளைக் கழற்றி நீட்டினார்கள், பிள்ளைகளைத் தூக்கிக் காட்டிக் கெஞ்சினார்கள். காமா மனம் இரங்கவில்லை. கிறிஸ்தவர்களாக வளர்ப்பதற்கென்று 20 அளவான சிறுவர்களை எடுத்துக்கொண்டு கப்பலுக்குத் தீ வைக்கச் செய்தார். 1502 ஒக்டோபர் 3ஆம் திகதி, திங்கட்கிழமை. அந்த நாளைத் தன் ஆயுளுக்கும் மறக்க முடியாது என்று எழுதியவர் லோப்பெஸ், ஒரு முஸ்லிம் அல்ல. பின்னர் காமா கள்ளிக்கோட்டையிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றுமாறு சாமூதிரியைக் கேட்டார். மறுத்தபோது நகரைப் பீரங்கியால் அடித்தார்.

நமது நாட்டுக்கும் அவர்களை இழுத்து வந்தது இதே வேட்டைதான். மலையாளக் கரைக்கு அஞ்சி மாலைதீவு வழியாகச் சுற்றி ஓடிய முஸ்லிம் கப்பல்களைத் தேடி வந்தபோதுதான் லோரன்சோ த அல்மேதா 1505ல் இலங்கையில் ஒதுங்கினார். 1526ல் போர்த்துக்கேயரின் நெருக்குதலால் கோட்டை அரசிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். நூறு வருடங்களுக்குப் பிறகு கண்டி மன்னன் செனரத் முஸ்லிம்களைக் கிழக்கில் குடியேற்றிய கதை இந்த இதழின் வாசகர்களுக்குப் புதிதல்ல. காமா தன் பங்குக்கு 1524ல் இந்தியாவின் அரசப் பிரதிநிதியாக மூன்றாம் முறை வந்து, மூன்று மாதம் கழித்து அதே வருடம் டிசம்பர் 24ஆம் திகதி கொச்சியில் இறந்தார்.

ஆகவே தீங்கு மாலுமியின் கமாலிலிருந்து வரவில்லை. வழியைப் பகிர்ந்ததால் கடல் கெடவில்லை. ஆயிரத்துச் சொச்சம் வருடங்களாக அந்த வழியை எல்லோரும் பகிர்ந்துதான் வாழ்ந்தார்கள். கேட்டவருக்கு வழி சொல்வது அந்தக் கடலின் வழக்கம். அந்த வழியால் வந்து, இனி என் அனுமதிச் சீட்டில்லாமல் யாரும் ஓடக்கூடாது என்று சட்டம் போட்டவர்களுடையது குற்றம். அதை ஒரு மாலுமியின் தலையில், அதுவும் பொய்யாக ஒரு பெயரை ஒட்டி, குடிகாரப் பட்டமும் சூட்டி ஏற்றிவைப்பது நியாயமில்லை.

இதையெல்லாம் அந்த மாணவனுக்குச் சொன்னேன். அவனுக்கு இப்போது தரம் பதினொன்று. கவனமாகக் கேட்டான். இருவரும் சேர்ந்து பேச்சைத் திருத்தினோம். இப்னு மாஜித் அதில் இருக்கிறார், தான் எழுதிய நூல்களோடு. மலிந்தி மாலுமியும் இருக்கிறார், பெயரில்லாமல். மீரி கப்பலும் இருக்கிறது.

வாசித்துப் பார்த்துவிட்டு அவன் சொன்னான்: "பேர் இல்லாட்டி அந்த இடத்துல கைதட்டு விழாது டீச்சர்."

"விழாட்டிப் பரவால்ல மகன். அந்த இடத்துல குரலை உயர்த்தாம, மெதுவாச் சொல்லு" என்றேன்.

பழைய பேச்சின் போட்டோக் கொப்பி யாரிடமாவது இருந்தால், தயவுசெய்து கிழித்துவிடுங்கள். எழுதியவள் கேட்கிறேன்.